கேரியரும் கியரும்: பொருநைக் கரையை முன்வைத்து ஒரு சைக்கிள் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சென்ற ஆனி மாதம் எங்கள் அலுவலக ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உறுப்பினர்களின் உடல்நலத்தையும் ஊரின் காற்றையும் கருத்தில் கொண்டு, அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்துபோக விரும்புவோருக்குச் சங்கமே வண்டிக்குப் பணம் கட்டிவிடும், சம்பளத்தில் இருபது தவணையாகப் பிடித்துக்கொள்ளும், வட்டி இல்லை. ஐம்பதைத் தொட்டவர்களின் சர்க்கரை, கொழுப்பு பற்றியும் இரண்டு வரி இருந்தது. அது என்னைக் குறித்து எழுதியது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இதுவரை சிக்கல் இல்லை. சுற்றறிக்கையோடு குண்டூசி குத்தி வந்த படிவத்தில்தான் சிக்கல். 'வண்டி வகை' என்பதற்கு நேராக மூன்று கட்டங்கள்: ரோடு பைக், ஹைபிரிட், மலை சைக்கிள். அதற்குக் கீழே கியர் எண்ணிக்கை, ஃபிரேம் அளவு, ஃபிரேம் எதனாலானது, நிறம் (முன்னுரிமை வரிசையில் மூன்று). இருபத்தாறு வருடங்களாகப் படிவம் நிரப்பியும் பிறர் நிரப்பியதைத் திருப்பி அனுப்பியும் சம்பளம் வாங்குகிற எனக்கு, அந்த ஒரு டிக்கைப் போட ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரத்தில் திரட்டிய தரவுகளே இந்தக் கட்டுரை.

ஆய்வு எல்லை: திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய என் வீட்டிலிருந்து பாளையங்கோட்டையில் இருக்கும் என் அலுவலகம் வரை, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்த எல்லை பாபநாசம்வரை நீட்டிக்கப்பட்டது. ஒரு தடவைதான் நீட்டித்தேன் என்பதையும் ஆய்வு நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

சொல்லாராய்ச்சி

எந்த ஆய்வும் சொல்லில் தொடங்க வேண்டும் என்பது நம் மரபு. 'ரோடு பைக்' என்ற சொல்லை முதலில் வீட்டில் களச்சோதனைக்கு உட்படுத்தினேன்.

"ரோடு பைக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"பைக்குன்னா ரோட்டுல ஓடாம, பெறவு ஆத்துலயா ஓடும்?" என்றாள் வீட்டுக்காரி. "ஏற்கெனவே ஒண்ணு நிக்கில்லா வாசல்ல?"

இதில் ஒரு மொழியியல் உண்மை அடங்கியிருக்கிறது. நம் ஊரில் பைக் என்றால் பெட்ரோல் போட வேண்டும். காலால் மிதிப்பது சைக்கிள். அரசாங்கத்துக்கு அது மிதிவண்டி. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும்போது விலையில்லா மிதிவண்டி. தனித்தமிழ் அன்பர்களுக்கு ஈருருளி. ஈழத்தில் எழுத்தில் வரும்போது துவிச்சக்கர வண்டி. இத்தனை பெயர் இருந்தும், சைக்கிள் கடைப் பலகையில் 'சைக்கிள் கடை' என்றுதான் எழுதியிருக்கிறது.

இன்னும் ஒரு வேடிக்கை. நம் தாத்தாக்களும் தபால்காரர்களும் ஓட்டிய கறுப்புச் சைக்கிள் இருக்கிறதே, இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், முழுச் செயின் கவர், அதைச் சைக்கிள் தொழிலில் 'ரோட்ஸ்டர்' என்பார்கள். ரோடு அதிலும் உண்டு. ஆக, படிவத்தில் கேட்கிற ரோடும் என் அப்பா ஓட்டிய ரோடும் ஒரே ரோடுதான். வித்தியாசம் ரிம்மில்: ரோட்ஸ்டர் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர், ரோடு பைக்குக்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டர். அதனால் என்ன என்று கேட்கலாம். டவுன் கடையில் தொங்குகிற டயர் இதற்குச் சேராது, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' பின்னால் பெரிதாக வரும்.

ஆய்வு முன்னோடிகள்

முதலாளி சைக்கிளுக்குப் பணம் கொடுத்துச் சம்பளத்தில் பிடிப்பது சங்கச் செயலாளரின் மூளையில் உதித்த புதுமை என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். தவறு. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலேயே இதற்கு வழி செய்தார்கள். அங்கே ஊழியர் வண்டியை வாங்குவதில்லை. கம்பெனி வாங்கி அவருக்கு வாடகைக்கு விடுகிறது. வாடகை சம்பளத்திலிருந்து வரி போடுவதற்கு முன்பே கழிந்துவிடும். வாடகைச் சைக்கிள் என்றால் மணிக்கு ஐம்பது பைசா, மட்கார்டில் பெயின்டில் எழுதிய நம்பர், நேரம் முடிந்தால் கடைக்காரர் தெருமுனையில் நின்று கூப்பிடுவது என்று வளர்ந்த என் தலைமுறைக்கு, வெள்ளைக்காரன் வருடக்கணக்கில் வாடகைச் சைக்கிள் ஓட்டுகிறான் என்பது ஒரு ஆறுதல்.

அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே நம் அரசு அலுவலகங்களில் சைக்கிள் அட்வான்ஸ் இருந்தது. மத்திய அரசில் ஆறாவது சம்பளக் கமிஷனை ஒட்டி 2008-இல் அந்த முன்பணம் மூவாயிரம் ரூபாய், வட்டி இல்லை. ஏழாவது கமிஷன் வந்து, வட்டியில்லா முன்பணங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடச் சொல்ல, 2016 அக்டோபரோடு சைக்கிள் அட்வான்ஸ் முடிந்தது. அதே கமிஷன் சைக்கிள் படியையும் ஒழித்துவிடச் சொன்னது. அரசு அதை மட்டும் முழுதாகக் கேட்கவில்லை. 2017-இல் தபால்காரர்களுக்கும் ரயில் தண்டவாளம் பார்க்கிற ஊழியர்களுக்கும் படியைத் தக்கவைத்து, மாதம் 90 ரூபாயாக இருந்ததை 180 ஆக்கியது. முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஆறு ரூபாய். ஜங்ஷனில் அரை டீ குடிக்கலாம்.

என் அப்பா அரசு ஊழியர். 1979-இல் சைக்கிள் அட்வான்ஸ் போட்டு, இருபத்துநாலு இஞ்ச் ஃபிரேமில் ஒரு கறுப்பு வண்டி எடுத்தார். அவருக்கு அன்று எந்தப் படிவத்திலும் மூன்று கட்டம் இல்லை. கடையில் இருந்தது ஒரே வண்டி, ஒரே நிறம். பிடித்தம் முடிந்த மாதம் வீட்டில் பாயசம் வைத்தார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். வண்டி எடுத்த நாளில் வைத்தார்களா என்று கேட்டதற்கு, "அன்னைக்கு எப்படி வைக்க? அன்னைக்குத்தான் கடன் ஆரம்பிச்சிருக்கே" என்றாள்.

ஊழியர் நலத்தைப் பேசும்போது சுலோச்சன முதலியாரை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்காரன் எழுத முடியாது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர். ஆற்றைக் கடக்க ஜனங்கள் படுகிற பாட்டைப் பார்த்துத் தம் சொந்தச் சொத்திலிருந்து பணம் போட்டுப் பொருநை என்கிற தாமிரபரணிக்குப் பாலம் கட்டினார். 1843-இல் திறந்தது. என் ஆய்வு எல்லையில் வருகிற ஒரே ஆறு தாமிரபரணிதான். ஓர் ஊழியர் கைக்காசில் பாலம் கட்டிய ஊரில், இன்னொரு ஊழியர் அதன்மேல் போக ஒரு சைக்கிளுக்கு இருபது தவணை கேட்கிறார். இதைச் சமூக மாற்றம் என்ற தலைப்பில் வேறு யாராவது ஆராயலாம்.

கடைசியாக உறையூர். திருச்சி உறையூர் பஞ்சவர்ணசாமி கோயில் தூணில் ஒருவர் சைக்கிள் ஓட்டுகிற சிற்பம் உண்டு. பழந்தமிழர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே சைக்கிள் விட்டார்கள் என்று அதைக் காட்டிச் சொல்வோர் இருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நடந்த திருப்பணியில் சிற்பி தெருவில் பார்த்ததைச் செதுக்கினார் என்பதே அறிந்தவர் சொல்வது. நான் இந்த விவாதத்தில் தலையிடவில்லை. கல்லில் கியர் வைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

கியர் இயல்

கணக்குப் பிரிவில் ஒரு தம்பி முதல் சுற்றிலேயே விண்ணப்பித்து ரோடு பைக் வாங்கிவிட்டார். நாற்பதாயிரத்துக்கு மேல். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், நூல் பிடித்த மாதிரி டயர். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனபோது வண்டியைக் களஆய்வுக்கு எனக்குக் கடன் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு மணி நேரம் கியர் பற்றி வகுப்பு எடுத்தார்.

ஷிமானோ என்பது ஜப்பானில் சாக்காய் நகரத்தில் 1921-இல் தொடங்கிய கம்பெனி. ரோடு பைக்குக்கு அவர்கள் செய்கிற கியர் செட்டுகளில் படிநிலை உண்டு. தம்பி அதைத் தொழில்நுட்பமாக விளக்கினார், எனக்கு ஏறவில்லை. பிறகு நானாக அதை வருவாய்த் துறைக்கு மொழிபெயர்த்துக்கொண்டதும் உடனே விளங்கியது. கிளாரிஸ் என்பது இளநிலை உதவியாளர். சோரா, உதவியாளர். டியாக்ரா, துணைத் தாசில்தார். அதற்கு மேலே 105 என்று ஒன்று. பெயரே கிடையாது, அரசாணை மாதிரி எண் மட்டும். அது தாசில்தார். அல்டெக்ரா, ஆர்.டி.ஓ. டூரா-ஏஸ் என்பது கலெக்டர். அதை நேரில் பார்த்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை. எல்லாரும் செய்வது ஒரே வேலை, செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடுவது. மேலே போகப் போக எடை குறையும், சத்தம் குறையும், விலை ஏறும். இதுவும் வருவாய்த் துறைக்குப் பொருந்தும்.

தம்பி வண்டி கிளாரிஸ். பின்னால் எட்டுப் பல்சக்கரம், முன்னால் இரண்டு. பெருக்கினால் பதினாறு கியர். இங்கேதான் இந்த ஆய்வின் முதல் கருதுகோள் வருகிறது: தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பதினாறு கியருக்கு வேலை இல்லை.

சான்று கால்வாய்கள். பொதிகையில் இறங்கிப் பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, புன்னைக்காயலில் கடலில் சேருகிறவரை இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டு. அவற்றிலிருந்து கோடகன் கால்வாய், கன்னடியன் கால்வாய், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் என்று பிரிந்து ஊர் ஊராகத் தண்ணீர் போகிறது. கால்வாய் ஓடுகிற வேகத்தைப் பார்த்தாலே நிலத்தின் சரிவு தெரியும். எருமை நிற்கிற தண்ணீர். சரிவு இவ்வளவுதான் என்றால், பதினாறு கியரில் பதினைந்து எதற்கு? என் வழியில் இருக்கிற ஒரே மேடு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். ரயில் பாதைக்கு மேலே கட்டிய அந்தப் பாலத்தில் பெரிய வண்டிகளுக்கு மேலடுக்கு. சைக்கிள் முதலான சிறு வண்டிகளுக்குக் கீழடுக்கு. கட்டியவர்களே சைக்கிள்காரனுடைய முழங்காலை நினைத்திருக்கிறார்கள். மாஞ்சோலைக்கு ஏறினால் கியர் வேண்டும்தான். அதற்கு மணிமுத்தாறில் வனத்துறைச் சாவடியைத் தாண்ட வேண்டும். என் அலுவலகம் அங்கே இல்லை.

பிரான்ஸைச் சுற்றி வருகிற அந்தப் பெரிய சைக்கிள் பந்தயத்திலேயே 1937 வரை கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவில்லை. பந்தயத்தைத் தொடங்கிய டெக்ராஞ்ச் என்ற பத்திரிகைக்காரர், அதெல்லாம் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று கருதினார். ஆல்ப்ஸ் மலையில் கியர் இல்லாமல் ஏறியிருக்கிறார்கள், வண்ணார்பேட்டைக்கா முடியாது என்று என் கருதுகோளை இரண்டு நாள் தெம்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டெக்ராஞ்ச் சொன்ன வயதை நான் தாண்டி ஆறு வருடம் ஆகிறது என்பது மூன்றாம் நாள் மாலைதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் ஆடி பிறந்திருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் உள்ளே புகுந்து வருகிற மேல்காற்று, கயத்தாறு முதல் முப்பந்தல்வரை காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று, எஸ்.என். ஹைரோட்டிலும் வீசுகிறது என்பதை இதுவரை நான் பெட்ரோல் வண்டியில் உணர்ந்ததில்லை. டவுன் மேற்கே, பாளையங்கோட்டை கிழக்கே. காலையில் அலுவலகத்துக்கு இருபத்துநாலு நிமிடம். மாலையில் வீட்டுக்கு முப்பத்தாறு. ஒரே வழி, ஒரே ஆள். கூடுதலான பன்னிரண்டு நிமிடமும் காற்றுக்குச் சேர வேண்டியது. காலையில் முதுகில் கை வைத்து ஆபீசுக்குத் தள்ளிவிடுகிற காற்று, சாயங்காலம் நெஞ்சில் கை வைத்து வீட்டுக்குப் போகாதே என்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் அரசு ஊழியனாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது; பிறகு அது இயற்கை என்று நினைவு வந்தது.

ஆகவே கருதுகோள் திருத்தப்பட்டது. மேட்டுக்குக் கியர் வேண்டாம். மேல்காற்றுக்கு இரண்டு வேண்டும். ஆவணி, புரட்டாசி போனால் அவையும் வேண்டாம்.

ஃபிரேம் இயல் (சுருக்கமாக)

இரும்பா, அலுமினியமா, கார்பனா என்பது படிவத்தின் கேள்வி. இதே பொருநைக் கரையில் சிவகளையில் கிடைத்த சான்றுகளை வைத்து, தமிழ் நிலத்தில் இரும்பு ஏறத்தாழ 5,300 ஆண்டு பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே உள்ளூர் மரபுப்படி இரும்புதான் என்று டிக் போடப் போனேன். அப்போதுதான் நினைவு வந்தது: அந்த இரும்பின் வயதைச் சொன்னதே கூடக் கிடைத்த கரித்துண்டுதான். கரி என்றால் கார்பன். ஆய்வு இந்த இடத்தில் சமநிலையில் முடிகிறது. அலுமினியத்துக்கு நம் மரபில் சான்று, தூக்குச்சட்டி.

இன்மை விதி

முக்கியமான கண்டுபிடிப்புக்கு வருகிறேன். நாலாம் நாள் காலை டயரில் காற்று இறங்கியிருந்தது. டவுனில் சிறுவயது முதல் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியலுக்குப் பேர்போன ஊர். அங்கே செய்கிற முறைப்படி உரையாடலை அப்படியே பதிவுசெய்கிறேன். தகவலாளி: ஆண், வயது அறுபத்தேழு, தொழில் சைக்கிள் கடை, கல்வி அவருக்கே தெரியும்.

"அண்ணாச்சி, காத்தடிக்கணும்."

"வாங்க தம்பி. என்ன, பொடியன் வண்டிய எடுத்துட்டு வந்திருக்கிய?" குனிந்து பார்த்தார். டியூபிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததை விரலால் தொட்டார். "இது என்ன, வால்வு ஊசி மாதிரில்லா இருக்கு?"

"பிரெஸ்டா வால்வுன்னு பேரு. மேல உள்ள சின்னத் திருகக் கழட்டி, அமுக்கிட்டு அடிக்கணும்."

"பேரு நல்லாத்தான் இருக்கு. எங்கிட்ட இருக்க பம்புக்கு இது சேராதுல்லா." பம்பின் வாயை ஒரு தடவை வைத்துப் பார்த்தார். காற்று உள்ளே போகாமல் அவர் கைமேலேயே போயிற்று. நிமிர்ந்து வண்டியைச் சுற்றி வந்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன் சுற்றி வருவார்களே, அந்த நடை.

"கேரியர் எங்க?"

"கிடையாது அண்ணாச்சி."

"ஸ்டாண்டு?"

"அதும் கிடையாது. சுவத்துல சாச்சுத்தான் வைக்கணும்."

"மட்கார்டு?"

"இல்ல."

"செயின் கவரு?"

"இல்ல."

"பெல்லாவது உண்டா?"

பேசாமல் நின்றேன். வண்டியின் விலையைக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவும் இல்லாததுக்காக்கும் அவ்வளவு ரூவா?"

உலகத்தில் ரோடு பைக் பற்றி எழுதப்பட்ட விலைப் பட்டியல்களையும் மதிப்புரைகளையும் எல்லாம் அடக்கிய ஒரு வாக்கியம் அது. கட்டுரையாளர் இதற்கு 'இன்மை விதி' என்று பெயரிடுகிறார்: சைக்கிளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற விலை கூடும். கறுப்புச் சைக்கிள் இருபது கிலோவை ஒட்டி எடை. கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டு, செயின் கவர், பெல், டைனமோ எல்லாம் சேர்த்து ஏழெட்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. அவை ஒன்றும் இல்லாத பத்துக் கிலோ வண்டி நாற்பதாயிரம். இன்னும் இரண்டு கிலோ இல்லாமலிருக்க லட்சத்தைத் தாண்ட வேண்டும்.

சுமை இயல்

இந்த வண்டியில் கேரியர் ஏன் இல்லை என்று யோசித்தேன். அது எதையும் சுமக்கப் பிறந்ததில்லை. ஒருவன், ஒற்றையாக, வெறுங்கையோடு, எங்கிருந்தோ கிளம்பி எங்கேயோ போய்ச் சேர்கிற வண்டி. அப்படி ஒருவனைத் திருநெல்வேலியில் நான் பார்த்ததில்லை.

அப்பாவின் கேரியரில் நான் பார்த்தவை: கிரோசின் டின், ரேஷன் அரிசி, ஒரு வாழைத்தார், அக்காவின் தையல் மிஷின் தலை, நான். நானும் அரிசியும் ஒரே நாளில் வந்ததுண்டு. நான் முன்பாரில், துண்டு மடித்துப் போட்டு. பத்தமடையிலிருந்து கல்யாணத்துக்குக் கோரைப் பாய் சுருட்டிக் கட்டி வந்ததும் அதே கேரியர். எல்லா நாளும் மாறாமல் தொங்கியது தூக்குச்சட்டி ஒன்றுதான். 1990-களில் எரிபொருள் தடையில் இருந்த யாழ்ப்பாணத்தில் ஒரு குடாநாடே சைக்கிள் கேரியரில்தான் இடம்பெயர்ந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது, சந்தைக்குப் போனது.

புதுக்கோட்டையில் அதே பத்தாண்டின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே போய் எழுதிய பத்திரிகையாளர் சாய்நாத் ஒன்றைக் கவனித்திருக்கிறார்: லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் சில பெண்கள் விரும்பினார்கள். காரணம், அதில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஒரு பார் கூடுதல், குழந்தையை உட்காரவைக்கலாம். சைக்கிள் தேர்வைப் பற்றி இதைவிடத் தெளிவான ஆய்வு முடிவு எனக்குத் தெரிந்து இல்லை. ஓட்டுகிறவரின் உயரம், முழங்கால் கோணம், ஃபிரேம் அளவு எல்லாவற்றையும் கேட்கிற படிவம், கூட யார் வருகிறார்கள் என்று கேட்கவில்லை.

இதைச் சரிபார்க்க ஒரு பரிசோதனை. ஐந்தாம் நாள் மாலை, எதிர்காற்றில் முப்பத்தாறு நிமிடம் மிதித்து டவுனுக்கு வந்து, கீழ ரத வீதியில் இருட்டுக்கடை வரிசையில் நின்றேன். தங்கை வீட்டுக்கு அல்வா வாங்க வேண்டியிருந்தது. ஸ்டாண்ட் இல்லாத வண்டியை எங்கே விடுவது? கோயில் சுவரில் சாய்க்க மனம் வரவில்லை. ஆகவே வண்டியோடு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "அதுக்கும் சேத்து வாங்கவா நிக்கிய?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. வாங்கிய பின் அடுத்த கேள்வி: அரைக்கிலோ அல்வாவை எங்கே வைப்பது? வளைந்த ஹேண்டில்பாரில் பையை மாட்டினால் முன்சக்கரத்தில் உரசியது. ஒரு கையில் பை, ஒரு கையில் வண்டி. ரத வீதியில் நடந்தே வீட்டுக்குப் போனேன். மனிதன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு எடை குறைத்ததன் நோக்கம் இதுதானோ என்று அப்போது ஒரு சந்தேகம் எழுந்தது.

பாபநாசம் நீட்டிப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று ஐம்பது கிலோமீட்டர். போகும்போது முழுக்க எதிர்காற்று. ஆனால் இதையும் எழுத வேண்டும்: வீரவநல்லூர் தாண்டி, இருபுறமும் நாற்று நட்டிருந்த வயலில் காற்று அலை அலையாகப் போக, செயின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாமல் வண்டி ஓடிய ஒரு கால் மணி நேரத்தில், தம்பி எதற்காக நாற்பதாயிரம் கொடுத்தார் என்பது எனக்கு விளங்கியது. திரும்பி வருகையில் காற்று தள்ளிய தள்ளலில் நான் மிதித்தது குறைவு. வயலைப் பார்க்க மட்டும் போகிறவனுக்கு அது நல்ல வண்டி. இதில் எனக்கு மறுப்பு இல்லை.

முடிவுகள்

சைக்கிளைத் தேர்ந்தெடுப்பவர் அதை ஓட்டுபவரல்லர். வால்வைத் தெருமுனைக் கடை பம்பு தேர்ந்தெடுக்கிறது, கியரை ஆடிக்காற்று தேர்ந்தெடுக்கிறது, கேரியரை வீட்டில் அரிசி தீர்ந்த நாள் தேர்ந்தெடுக்கிறது. மிச்சமிருப்பது நிறம். அதற்குத்தான் படிவத்தில் மூன்று முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது வாரக் கடைசியில் நான் மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு, பக்கத்தில் நாலாவதாக ஒரு கட்டம் ஸ்கேல் வைத்து வரைந்து, 'இருபத்தெட்டு இஞ்ச், கேரியர், ஸ்டாண்ட், பெல் உட்பட' என்று எழுதி டிக் போட்டுக் கொடுத்தேன். பட்டியலிடப்பட்ட வகையில் வரவில்லை என்று குறிப்பெழுதி விண்ணப்பம் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் செய்தது விதிப்படி சரி. நானாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

சங்கச் செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படிவம் அச்சடிக்கும்போது 'கேரியர்: உண்டு / இல்லை' என்று ஒரு வரி சேருங்கள். நிறத்துக்கு மூன்று இடம் வேண்டாம், ஒன்று போதும். கூட்டம் கூடுகிறவரை அப்பாவின் வண்டிக்கு இரண்டு டயரும் ஒரு செயினும் மாற்றி அதில்தான் வந்துகொண்டிருக்கிறேன். அதற்கு ஸ்டாண்ட் இருக்கிறது. ஷெட்டில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். சுவரோரத்து இடத்தை ரோடு பைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம்.